இயந்திரம் எண்ணும் எழுத்து

‘மாளிகாவத்தை’ என்னும் பெயரில் எழுத்துக்கள் எத்தனை என்று ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவனை வினவினால், மா, ளி, கா, வ, த், தை என விரல் மடக்கி எண்ணி, ஆறு என விடை பகர்வான். அவன் கூறியது சரியே. அவ்வினாவையே கணினியிடம் விடுத்தால் விடை ஒன்றாக வருவதில்லை. சி மொழியில் இயற்றப்பட்ட செய்நிரல் 33 என்று கூறும். பைதனும் ஜாவாவும் 11 என்று கூறும். ஸ்விப்ட் மொழி அம்மாணவனோடு உடன்பட்டு 6 என்று கூறும். கொழும்பு மாநகரின் பத்தாம் அஞ்சல் வலயத்தைச் சேர்ந்த ஒரு பகுதியின் பெயர் இவ்வாறு மும்மடங்கும் ஐம்மடங்குமாக வேறுபட்டு எண்ணப்படுதல் வியப்பாகத் தோன்றலாம். இவ்விடைகளுள் பிழையானது எது என்று கேட்பதினும், ஒவ்வொரு மொழியும் எதனை எண்ணிற்று என்று கேட்பதே தக்கதாகும்.

செய்நிரலாக்கம் பயிலத் தொடங்குவோர் எழுப்பும் வினாக்கள் எம்மொழியிலும் ஏறக்குறைய ஒன்றே. ஒரு சரத்தின் நீளம் யாது? இரு சரங்கள் சமமா? ஒரு சொல்லைப் பின்னிருந்து முன்னாகத் திருப்புவது எவ்வாறு? பெயர்களை அகர வரிசைப்படுத்துவது எவ்வாறு? வகுத்தால் மீதி என்ன? வினாக்கள் ஒன்றாயினும் விடைகள் மொழிதோறும் மாறுவன. ஞாயிற்றுக்கிழமையைச் சுழியம் எனவும் திங்களை ஒன்று எனவும் கொண்டு, ஞாயிற்றுக்கு மூன்று நாள் முற்பட்ட கிழமை யாது எனக் காண, கழித்தல் மூன்றை ஏழால் வகுத்து மீதியைக் கேட்பின், பைதன் 4 எனும். அது வியாழன். ஜாவாவும் சி மொழியும் கழித்தல் மூன்று எனும். அப்படியொரு கிழமை எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை. பைதன் ஈவைக் கீழ்நோக்கி முழுமையாக்குகின்றது. ஏனையவை சுழியத்தை நோக்கி முழுமையாக்குகின்றன. இரண்டும் கணித முறைமைக்கு உடன்பட்டனவே. ஆயினும் கிழமை காண்பவனுக்கு ஒன்றே பயன்படும்.

எல்லா மொழிகளும் ஒருமித்து வியப்பூட்டும் இடமும் உண்டு. பத்தில் ஒன்றையும் பத்தில் இரண்டையும் கூட்டிப் பத்தில் மூன்றுக்குச் சமமா எனக் கேட்டால், ஏறத்தாழ எல்லா மொழிகளும் அன்று என்றே விடையிறுக்கும். 1985ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட மிதவைப் புள்ளி நியமத்தின்படி எண்கள் இரண்டின் அடுக்குகளாகச் சேமிக்கப்படுவதால், பத்தில் ஒன்று இயந்திரத்துள் ஒருபோதும் முற்றுப்பெறுவதில்லை. நம் முன்னோர் வழங்கிய அரை, கால், அரைக்கால், வீசம் என்னும் பின்னங்களை அவ்வியந்திரம் அணுவளவும் பிசகாமல் ஏற்கும்; மா, காணி, முந்திரி என்பவற்றை ஏற்கமாட்டாது. இருபது, எண்பது, முந்நூற்றிருபது ஆகிய எண்களில் ஐந்து என்னும் காரணி மறைந்து நிற்றலே அதற்குக் காரணம்.

இவை எல்லா நாட்டார்க்கும் பொதுவான இடர்கள். எழுத்தைப் பற்றிய வினாக்களோ தமிழ் மாணவனுக்குத் தனியான சிக்கல்களைத் தருவன. அவற்றை ஆங்கில நூல்கள் பெரும்பாலும் பேசுவதில்லை. ஆங்கிலத்தில் அவை எழுவதே அரிது.

சி மொழி 1972ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் ரிச்சி என்பாரால் உருவாக்கப்பட்டது. அக்காலத்தில் வழக்கிலிருந்த ஆஸ்கி என்னும் குறிமுறை 1963இல் தோன்றியது. அதில் இடங்கள் 128 மட்டுமே. ஆங்கில நெடுங்கணக்கும் எண்களும் நிறுத்தக் குறிகளும் அதனுள் அடங்கின. ஓர் எழுத்துக்கு ஒரு பைற்று என்பது அன்று ஐயமற்ற உண்மை. ஆகவே சரத்தின் நீளத்தைக் கேட்டால் பைற்றுகளை எண்ணிச் சொல்வதே சி மொழியின் வழக்கமாயிற்று. 1992ஆம் ஆண்டில் கென் தொம்சன், ரொப் பைக் என்னும் இருவர் யூரீஎப்-8 என்னும் சேமிப்பு முறையை வகுத்தனர். அதன்படி ஆஸ்கி எழுத்துக்கு ஒரு பைற்று. குறியிட எண் 2047 வரையுள்ள எழுத்துக்கு இரண்டு. அதற்கு மேல் 65,535 வரை மூன்று. யூனிக்கோடு எனப்படும் ஒருங்குறியில் தமிழுக்கு ஒதுக்கப்பட்ட இருக்கைகள் 2944 முதல் 3071 வரையானவை. எனவே தமிழ்க் குறியிடம் ஒவ்வொன்றும் மூன்று பைற்று கொள்ளும். மாளிகாவத்தை 33 ஆனது இவ்வாறே. அவ்விருவரும் பின்னர் றொபர்ட் கிறீசமருடன் கூடி 2009இல் வெளியிட்ட கோ மொழியிலும் நீளம் என்பது பைற்றுக் கணக்கே என்பது ஈண்டுக் கருதத்தக்கது. அறியாமையால் அவர்கள் அவ்வாறு செய்தனர் என்று எவரும் கூற இயலாது. சேமிப்பிடத்தை அளப்பவனுக்கு வேண்டுவது அக்கணக்கே.

இனி 11 என்னும் விடை எங்ஙனம் பிறந்தது என்பதை நோக்குதல் வேண்டும். இங்கேதான் பொருள் இலக்கணத்தைத் தொடுகின்றது. 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பு, இந்திய எழுத்துக்களுக்கு 1988இல் வகுக்கப்பட்ட இந்திய நியமக் குறிமுறையைத் தழுவியது. தேவநாகரி முதலிய வடபுல எழுத்துக்களை முன்மாதிரியாகக் கொண்ட அம்முறையில், அகரம் ஏறிய ககரமே அடிப்படை எழுத்து. ஆகாரம் வேண்டின் அதன்பின் கால் இடப்படும். அகரத்தை நீக்கி மெய்யாக்க வேண்டின் புள்ளி இடப்படும். காலுக்கு ஓர் இடம், புள்ளிக்கும் ஓர் இடம். ஆகவே ‘மா’ இரண்டு, ‘ளி’ இரண்டு, ‘கா’ இரண்டு, ‘வ’ ஒன்று, ‘த்’ இரண்டு, ‘தை’ இரண்டு, மொத்தம் பதினொன்று.

தமிழிலக்கண மரபு இதற்கு மறுதலையானது. தொல்காப்பியம் மெய்யை முதலெழுத்தாகவும் உயிர்மெய்யை உயிரும் மெய்யும் கூடிய கூட்டாகவும் கொள்ளும். மெய்யே இயல்பு, அகரம் அதன்மேல் ஏறுவது. ஒருங்குறியிலோ அகரம் ஏறியதே இயல்பு. மெய் என்பது அதிலிருந்து கழிக்கப்பட்டது. தொல்காப்பியர் நெறிப்படி மாளிகாவத்தையைப் பிரித்தால் ம், ஆ, ள், இ, க், ஆ, வ், அ, த், த், ஐ எனப் பதினொன்றே வரும். இவ்வொற்றுமை கண்டு ஏமாறுதல் கூடாது. ‘வ’ என்பதில் ஒருங்குறி ஒன்று குறைத்து எண்ணிற்று. ‘த்’ என்பதில் ஒன்று கூட்டி எண்ணிற்று. இரு பிறழ்வும் ஒன்றையொன்று ஈடுசெய்தன. ‘வெள்ளவத்தை’ என்பதிலும் இவ்வாறே அகரமெய் இரண்டும் புள்ளி இரண்டும் வந்து கணக்குப் பத்தாக ஒத்துவிடும். ‘கொழும்பு’ என்பதில் ஒவ்வாது. இலக்கணப்படி ஒலிகள் ஏழு, குறியிடங்கள் எட்டு. அகரமேறிய மெய் அச்சொல்லில் இல்லை; புள்ளி மட்டும் ஒன்று உண்டு.

ஜாவா 1995ஆம் ஆண்டில் வெளிவந்தபோது, உலகத்து எழுத்துக்கள் யாவும் 65,536 இடங்களுள் அடங்கும் என்பதே ஒருங்குறியாரின் எண்ணம். ஆதலின் பதினாறு பிற்று கொண்ட அலகே எழுத்து என ஜாவாவும், அதே ஆண்டு தோன்றிய ஜாவாஸ்கிரிப்டும் கொண்டன. மறு ஆண்டே அவ்வெல்லை உடைந்தது. அதனால் நேர்ந்த விளைவைத் தமிழிலேயே காணலாம். 2019ஆம் ஆண்டு ஒருங்குறியில் தமிழ்ப் பின்னக் குறியீடுகள் சேர்க்கப்பட்டபோது, அவை பழைய எல்லைக்கு அப்பால் குடியேற்றப்பட்டன. முந்நூற்றிருபதில் ஒன்றாகிய முந்திரியின் குறியை ஜாவாவிடம் கொடுத்து நீளம் கேட்டால் இரண்டு என்னும்; பைதனிடம் கேட்டால் ஒன்று என்னும்; யூரீஎப்-8இல் நான்கு பைற்று.

பைதனும் எப்பொழுதும் இவ்விடையே கூறியதன்று. 2008ஆம் ஆண்டு இறுதியில் மூன்றாம் பதிப்பு வருவதற்கு முன்னர், சாதாரணச் சரத்தை அது பைற்றாகவே எண்ணியது. பழைய பதிப்பில் 33 எனக் கூறிய மொழி புதிய பதிப்பில் 11 எனக் கூறலாயிற்று.

ஆறு என்னும் விடை தரும் முறையில், கண் ஓரெழுத்தாகக் காண்பதை இயந்திரமும் ஓரெழுத்தாகக் கொள்ளுதல் வேண்டும் என்னும் கருத்து அடங்கியுள்ளது. அடிப்படை எழுத்தையும் அதனைத் தொடர்ந்துவரும் குறிகளையும் ஒரு திரளாகச் சேர்த்தற்கு ஒருங்குறி ஒரு விதியை வகுத்துள்ளது. 2014இல் அறிமுகமான ஸ்விப்ட் மொழி அத்திரளையே எழுத்து எனக் கொண்டது. இணையத் தளங்களுக்குப் பெருவழக்காய் உள்ள பீஎச்பீ மொழியோ மூன்று கணக்கையும் தன்பால் வைத்துள்ளது. நீளம் காண அதில் மூன்று சார்புகள் உண்டு. ஒன்று 33 எனவும், ஒன்று 11 எனவும், ஒன்று 6 எனவும் கூறும். பயிலாதவன் முதலாவதையே எடுத்தாளுகின்றான், அதன் பெயர் மிகச் சிறியது ஆதலால்.

திரள் விதியும் முற்ற நிறைவானதன்று. ‘லக்ஷ்மி’ என்பதில் நடுவெழுத்தை ஒன்றாகவே நம்மவர் எழுதவும் எண்ணவும் செய்வர். விதி அதனைக் ககரப் புள்ளி ஒன்று, ஷகரப் புள்ளி ஒன்று என இரண்டாகப் பிரிக்கும். ‘ஸ்ரீ’ என்பதும் இரண்டே. அன்றியும், தமிழ்ப் புலவர் எண்ணும் முறையும் ஒன்றன்று. கட்டளைக் கலித்துறையில் நேரசையில் தொடங்கும் அடிக்கு எழுத்துப் பதினாறு, நிரையசையில் தொடங்கும் அடிக்குப் பதினேழு என்பது யாப்பு விதி. அவ்வெண்ணிக்கையில் ஒற்று நீக்கப்படும். அபிராமி அந்தாதியும் கந்தரலங்காரமும் அக்கணக்கில் அமைந்தவை. அம்முறையில் மாளிகாவத்தைக்கு எழுத்து ஐந்தே. ஆகவே கணினி தோன்றுவதற்குப் பன்னூறாண்டுகளுக்கு முன்னரே ‘எழுத்து எத்தனை’ என்பதற்கு, எப்பயன் கருதி எண்ணுவது என்று எதிர்வினா எழுப்புதல் தமிழில் இன்றியமையாததாய் இருந்தது.

இவையெல்லாம் நுணுக்க ஆராய்ச்சி, நடைமுறைக்கு இவற்றால் ஆவது என்ன என்பார்க்கு விடை உண்டு. பெயர் எழுதும் கட்டத்துக்கு 30 என ஓர் எல்லை வகுக்கப்பட்டதாகக் கொள்க. ஓரக்கிள் தரவுத்தளத்தில், வேறு கட்டளை இல்லாதவிடத்து, அது 30 பைற்று. மைஎஸ்கியூஎல் தளத்தில் 30 குறியிடம். முன்னையது மாளிகாவத்தையை ஏற்க மறுக்கும். மறுப்பைத் தவிர்க்க எண்ணும் செய்நிரலாளன் முப்பதாம் பைற்றில் பெயரை நறுக்குவானாயின், எஞ்சுவது ‘மாளிகாவத்த’. ஈற்று ஐகாரம் நீங்க, தமிழ்ப்பெயர் சிங்கள வடிவத்தை எய்திவிடுகின்றது! முப்பத்திரண்டாம் பைற்றில் நறுக்கினால் ஐகாரக் குறியின் மூன்றில் இரு பங்கு மட்டும் எஞ்சி, கருஞ்சாய்சதுரத்துள் ஒரு வினாக்குறியாகத் தோன்றும். அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் 1987இல் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. ஒருவன் தன் பெயரும் ஊரும் தமிழில் பதியப்பெறும் உரிமை சட்டத்தில் இருக்க, அவ்வுரிமை ஒரு கட்டத்தின் நீளத்தில் தடைப்படலாம். அதைச் செய்பவன் பகைவன் அல்லன். பைற்றையும் எழுத்தையும் ஒன்றெனக் கருதியவன்.

கைப்பேசிக் குறுஞ்செய்தியிலும் இக்கணக்குப் பணமாகின்றது. ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைற்று. ஆங்கில எழுத்து ஏழு பிற்றில் அடங்குவதால் 160 எழுத்து எழுதலாம். தமிழ் எழுதின் ஒவ்வொரு குறியிடத்துக்கும் பதினாறு பிற்று வேண்டும். ஆதலின் எழுபதே இடம். மாளிகாவத்தை என்னும் பெயரை ஆங்கில நெடுங்கணக்கில் எழுதினாலும் எழுத்துப் பதினொன்று, தமிழில் எழுதினாலும் இடம் பதினொன்று. ஆனால் அங்கே அது 160இல் பதினொன்று. இங்கே 70இல் பதினொன்று. வெள்ள எச்சரிக்கை ஒன்றை இரு மொழியிலும் அனுப்பவேண்டியவர் தமிழுக்கு ஈரிரண்டு மும்மூன்று செய்திகளாகப் பிரித்து அனுப்ப நேர்வது இதனாலேயே.

தலைப்பெழுத்துச் சிக்கல் இதனினும் கூர்மையானது. பெயரின் முதலெழுத்தை எடு என்னும் கட்டளை எம்மொழியிலும் உண்டு. எண்ணத் தொடங்குவது சுழியத்திலிருந்தா ஒன்றிலிருந்தா என்பதில் மட்டுமே மொழிகள் வேறுபடும். பைதன், ஜாவா என்பன சுழியத்திலும் ஆர், லூவா என்பன ஒன்றிலும் தொடங்கும். எங்குத் தொடங்கினும் தமிழ்ப்பெயரின் தலைப்பெழுத்துச் சரியாக வருவதில்லை. சிறுப்பிட்டி வைரவநாதர் தாமோதரம்பிள்ளை என்னும் பெயரைப் பைதனுக்கோ ஆருக்கோ கொடுத்தால், ‘ச. வ. தாமோதரம்பிள்ளை’ எனச் சுருக்கித் தரும். தொல்காப்பியத்தைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளையை அப்பெயரில் எவரும் அறியார். லூவாவோ சகரத்தின் மூன்றில் ஒரு பங்காகிய ஒற்றைப் பைற்றைத் தந்து நிற்கும்.

அடுத்து, இரு சொற்கள் சமமா என்னும் வினா. ஒருங்குறி பரவுவதற்கு முன்னர் ஈழத்திலும் புலம்பெயர்ந்தோரிடையும் பாமினி என்னும் எழுத்துரு பெருவழக்காய் இருந்தது. அதில் தமிழெழுத்து ஆங்கில எழுத்தின் இருக்கையில் அமர்ந்திருந்தது. திரையில் ‘தமிழ்’ எனத் தோன்றுவது உள்ளே ஜே, கே, பீ, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமே. தட்டச்சுப் பொறியின் வழக்கப்படி ‘கொ’ என்பதற்கு முதலில் கொம்பு, அடுத்துக் ககரம், அதன்பின் கால் என மூன்று தட்டுதல் வேண்டும். அவ்வாறு எழுதியவற்றை ஒருங்குறிக்கு மாற்றுங்கால், கொம்பைக் ககரத்தின் பின் நகர்த்தி, காலோடு இணைத்து, ஒகரக் குறி என ஒன்றாக்குதல் வேண்டும். இணைக்காது கொம்பும் காலும் தனித்தனியே விடப்பட்டாலும் திரையில் தோற்றம் மாறுவதில்லை. ஆகவே ‘கொழும்பு’ என்பது எட்டுக் குறியிடமுடையது ஒன்றும் ஒன்பது குறியிடமுடையது ஒன்றுமாக இருவகையாயிற்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பைதனும் ஜாவாவும் இவை சமமல்ல என்னும். ‘கொட்டாஞ்சேனை’க்கும் இந்நிலையே. இருவடிவமும் ஒன்றே என ஒருங்குறி நியமம் தெளிவாகக் கூறியுள்ளமையால், ஒப்பிடுமுன் இரண்டையும் ஒரே வடிவுக்கு இயல்பாக்கும் கருவிகள் இம்மொழிகளில் உள்ளன. ஸ்விப்ட் மொழி கேளாமலே அவ்வாறு செய்து ஒப்பிடும்.

எக்கருவியாலும் தீராத ஒன்றும் உண்டு. ஔகாரக் குறியின் பிற்பகுதி ளகரத்தை ஒத்திருப்பதால், ‘கௌரி’ என எழுத எண்ணி, கொம்பிட்ட ககரத்தின் பின் ளகரத்தையே தட்டி ‘கெளரி’ என விடுவோர் பலர். அச்சில் வேறுபாடு தோன்றாது. இயந்திரத்துக்கோ முன்னது ஈரெழுத்துப் பெயர். பின்னது மூன்றெழுத்துப் பெயர். ஔவையாரை ‘ஒளவையார்’ எனத் தட்டுவதும் இதனைப் போன்றதே. இங்கே ஸ்விப்டும் உதவாது. வேறெழுத்தை எழுதிவிட்டு அதே எழுத்து எனக் கொள்ளும்படி இயந்திரத்தை வேண்டுதல் முறையுமன்று. வாக்காளர் இடாப்பில் ஒரு பெயரைத் தேடி இல்லையெனத் திரும்புபவர், பெயர் விடுபட்டது என்றே எண்ணுவர்.

சொல்லைத் திருப்புதல் செய்நிரல் வகுப்புகளில் முதல் வாரத்துப் பயிற்சி. இருமுனையிலிருந்தும் ஒன்றாகப் படிக்கப்படும் சொல் இதுவோ எனச் சோதிப்பதும் அதனோடு வரும். தமிழர் இதனை மாலைமாற்று எனச் சித்திரகவியுள் வைத்தனர். திருஞானசம்பந்தர் ஒரு பதிகம் முழுவதையும் மாலைமாற்றாகவே அருளினார். அது மூன்றாம் திருமுறையுள் உள்ளது. அனைவரும் அறிந்த சிறு சான்று ‘விகடகவி’. வி, க, ட, க, வி என்பது எத்திசையிலும் ஒன்றே. பைதனிடம் இச்சொல்லைத் திருப்பச் சொன்னால், இறுதியிலுள்ள இகரக் குறி பற்றுக்கோடின்றி முதலில் வந்து நிற்கும். அதன்பின் ‘வகடகிவ’ என வரும். விகடகவி மாலைமாற்று அன்று என இயந்திரம் தீர்ப்பளித்துவிடும். ஏனெனில் திருப்பப்பட்டவை எழுத்துக்கள் அல்ல, எழுத்தின் உறுப்புக்கள். வகரத்தின் மேல் இருந்த விசிறி ககரத்தின்மேல் தாவுவதைக் கண்ட மாணவன், எழுத்து என்பது யாது என அப்பொழுதே சிந்திக்கத் தொடங்குவான். ஆங்கிலச் சொற்களாலேயே இப்பயிற்சியைச் செய்து முடிப்பவனுக்கு அவ்வாய்ப்பு இல்லை.

அகர வரிசையிலும் குறிமுறையின் பிறப்பிடம் வெளிப்படுகின்றது. ஒருங்குறியில் னகரம் நகரத்தின் பின்னும், றகரம் ரகரத்தின் பின்னும், ளகர ழகரங்கள் லகரத்தின் பின்னும் இருத்தப்பட்டன. தமிழ் நெடுங்கணக்கில் றகர னகரங்கள் இறுதியில் நிற்பன. ஆகவே பைதனின் வரிசைப்படுத்தும் கட்டளைக்கு மாணவர் இடாப்பைக் கொடுத்தால், கனகா முன்னும் கமலா பின்னுமாக வரும். தமிழ் வரிசையில் கமலாவே முற்பட்டவள். புள்ளி எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னே வைக்கப்பட்டமையால், ‘அகம்’ முன்னரும் ‘அக்காள்’ பின்னரும் வரும்; சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதியின் வரிசை இதற்கு நேர்மாறு. தமிழுக்குரிய வரிசையைக் கேட்டுப் பெறும் வழிகள் ஜாவாவிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் உள்ளன. கேளாதவர்க்கு அவை தரப்படுவதில்லை.

இவ்விடர்கள் யாவற்றையும் வேரோடு களையலாம் எனக் கருதி, ஒவ்வோர் உயிர்மெய்க்கும் ஒவ்வொரு மெய்க்கும் தனி இருக்கை அளிக்கும் பதினாறு பிற்று அனைத்தெழுத்துக் குறிமுறையைத் தமிழ்நாட்டு அரசு 2010ஆம் ஆண்டு ஒருங்குறியோடு சேர்த்து ஏற்றது. அம்முறையில் மாளிகாவத்தை எம்மொழியிலும் ஆறு அலகே, விகடகவியும் மாலைமாற்றே. ஆயின் அவ்விருக்கைகள், ஒருங்குறியில் யார்க்கும் உரியதாக வரையறுக்கப்படாத தனிப்பயன் நிலத்தில் அமைந்தவை. உலகத்துக் கைப்பேசிகளும் தேடுபொறிகளும் அவற்றைத் தமிழென அறியா. பொதுவழியில் செல்வதற்கு நேரும் இடர் பெரிதா, தனிவழியில் செல்வதற்கு நேரும் தனிமை பெரிதா என்னும் வினாவில் வழக்கு முன்னதன் பக்கமே சாய்ந்தது. இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் 2008இல் வெளியிட்ட தமிழ் நியமமும் ஒருங்குறியையே அடியாகக் கொண்டது.

ஆகவே எழுத்தை எழுத்தாக எண்ணும் பொறுப்புச் செய்நிரலாளனுடையதாயிற்று. அது கடினமானதுமன்று. க.பொ.த. உயர்தரத்துத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பயில்வோர் கற்கும் பைதனில் ஆறேழு வரிகளில் அதனை எழுதலாம். சரத்தின் குறியிடங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அதன் எண் 3006 முதல் 3021 வரையுள்ளதாயின், அன்றி 3031 ஆயின், அது உயிர்க்குறியோ புள்ளியோ ஆம். அதனை முன்னுள்ள எழுத்தோடு ஒட்டுக. அவ்வாறன்றேல் அதனைப் புதிய எழுத்தாகத் தொடங்குக. முடிவிற் கிடைக்கும் அணியின் நீளமே எழுத்தெண்ணிக்கை. அவ்வணியைத் திருப்பினால் விகடகவி விகடகவியாகவே திரும்பும். அதன் முதலுறுப்பே தலைப்பெழுத்து, சி. வை. என்பது அங்கே பிறழாது வரும். புள்ளியில் முடியும் உறுப்புக்களை நீக்கி எண்ணினால் யாப்புக் கணக்கு. கந்தரலங்காரத்து அடியொன்றைக் கொடுத்துப் பதினாறோ பதினேழோ வருகின்றதா எனச் சோதிக்கலாம். க்ஷகரத்தையும் ஸ்ரீயையும் ஒன்றாகக் கொள்ள விரும்புவோர்க்கு மட்டும் இன்னும் இரு விதிகள் வேண்டும்.